புல்தரை மெத்தைபோல் அமுங்குகிறதா? அடிச்சருகைக் கையால் நீக்கும் வழி

கோவையில் எங்கள் தெருவில் புல்தரை போட்ட வீடுகள் ஏழு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த ஏழு வீட்டுப் புல்லையும் ஏதாவது ஒரு நாள் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறேன். தோட்டக்கலை படித்தவன் அல்ல. தெருவில் பல் உறுதியான இரும்பு வாரி (ரேக்) என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் "தண்ணீர் ஓடிவிடுகிறது" என்பார்கள், இன்னொரு வீட்டில் "வெட்டினால் கருகிவிடுகிறது" என்பார்கள். தோண்டிப் பார்த்தால் பாதி வீடுகளில் அடியில் இருப்பது ஒன்றுதான்: பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில், செத்த தண்டும் ஓடுகொடியும் வேரும் பின்னிப் பிணைந்த பழுப்பு மெத்தை. நர்சரிக்காரர்கள் இதைத் தாட்ச் என்பார்கள். ஆங்கிலத்தில் ஓலைக்கூரைக்கும் அதே சொல்தான். பொருத்தமான பெயர். மேலே விழும் தண்ணீரை உள்ளே விடாமல் வழியவிடுவதுதானே கூரையின் வேலை? இங்கே சருகு மெத்தை என்றே எழுதுகிறேன்.

மீதிப் பாதி வீடுகளில் குறை வேறு. மெத்தையே இல்லாத புல்லை வாரி எடுத்தால், நோயாளியை மாற்றி அறுவை செய்த கதையாகிவிடும். ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் வேலை கீழே உள்ளதுதான்.

எதற்கும் முன்னால்: ஓர் ஆப்பு வெட்டிப் பாருங்கள்

பழைய சமையலறைக் கத்தி போதும். புல்லில் மூன்று அங்குல ஆழத்துக்கு முக்கோணமாக வெட்டி, கேக் துண்டை எடுப்பதுபோல் நெம்பி எடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலே பச்சை, அடியில் மண், இரண்டுக்கும் இடையே தேங்காய் நார்போல ஒரு பழுப்புப் பட்டை. அந்தப் பட்டையை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு ஸ்கேல் வைத்து அளங்கள். நல்ல இடம், மோசமான இடம், மரநிழல் என்று மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். அளந்த துண்டைத் திரும்ப வைத்து மிதித்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அரை அங்குலத்துக்குக் குறைவு என்றால் அதைத் தொடவே வேண்டாம். அந்த அளவு மெத்தை புல்லுக்கு நல்லது. வெயிலிலிருந்து மண்ணைக் காக்கும், மிதியைத் தாங்கும். அரை முதல் ஓர் அங்குலம் வரை கை வாரிக்கு உரிய வேலை. ஓர் அங்குலத்தைத் தாண்டினால் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது, இரண்டு பருவமாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அங்குலத்தை எட்டியிருந்தால் வாரியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

இன்னொன்றையும் அந்தத் துண்டிலேயே பாருங்கள்: வெள்ளை வேர்கள் எங்கே இருக்கின்றன? மண்ணுக்குள் இறங்கியிருந்தால் நல்லது. மண்ணைத் தொடாமல் பழுப்புப் பட்டைக்குள்ளேயே சுருண்டிருந்தால், புல் மண்ணில் வாழவில்லை, தன் சருகிலேயே வாழ்கிறது என்று அர்த்தம். ஏப்ரல் மாத வெயிலில் முதலில் சாய்வது அதுதான்.

அறிகுறி 1: நடந்தால் கால் பஞ்சில் புதைவதுபோல் இருக்கிறது

*வெட்டாமல் விட்டதா?* மெல்லிய இலையுள்ள கொரியன் புல் வெட்டாமல் விட்டால் குட்டிக் குட்டி மேடாகப் புடைத்துக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சிலர் அதற்காகவே வெட்டுவதில்லை. ஆப்பில் மெத்தை மெல்லியதாக இருந்து மேலே தழை மட்டும் அடர்ந்திருந்தால், வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உயரத்தைக் குறைத்தாலே போதும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

*தண்ணீர் தேங்கியிருக்கிறதா?* மிதித்த இடத்தில் காலைச் சுற்றி நீர் ஊறி வந்தால் அது சொதசொதப்பு. குழாய்க் கசிவைப் பாருங்கள், அடுத்து தண்ணீர் விடும் நேரத்தைப் பாருங்கள்.

*பெருச்சாளி வளையா?* ஓரிடத்தில் மட்டும் கால் திடீரென்று இறங்கினால் சுற்றுச்சுவர் ஓரமாக வளையின் வாய் தெரிகிறதா என்று தேடுங்கள். எதிர் வீட்டில் மூன்று மாதம் சருகு மெத்தை என்று நினைத்திருந்தது கடைசியில் பெருச்சாளியின் சுரங்கப்பாதை.

*இவை எதுவும் இல்லை, தரை முழுவதும் ஒரே சீராக அமுங்குகிறது, ஆப்பில் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கிறது* என்றால் சருகு மெத்தைதான். கைவேலைப் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி 2: எவ்வளவு தண்ணீர் விட்டாலும் புல் வாடுகிறது, தண்ணீர் வழிந்து ஓடுகிறது

எனக்கு வரும் புகார்களில் இதுதான் அதிகம். தப்பான வைத்தியம் அதிகம் நடப்பதும் இதில்தான். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர், வெளுக்கிறதே என்று ஒரு பிடி யூரியா. இரண்டும் மெத்தையைத் தடிமனாக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் வேர் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் மேலேயே படரும். நைட்ரஜன் மிகுந்தால், மக்குகிற வேகத்தைவிடப் புதுத் தண்டு வளர்கிற வேகம் கூடிவிடும்.

முதல் சோதனைக்கு ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கழித்து அதைப் புல்லில் அழுத்துங்கள். தடையில்லாமல் நான்கைந்து அங்குலம் இறங்கினால் தண்ணீர் போய்ச் சேர்கிறது, குறை வேறிடத்தில். மெத்தையைத் தாண்டியதும் கெட்டியாக நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. "டக்" என்று மோதினால் கீழே வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலோ சிமெண்டுக் கலவையோ இருக்கிறது. புதிய வீடுகளில் கட்டடக் கழிவின் மேல் மெல்லியதாகச் செம்மண் பரப்பி அதன்மேல் புல் விரிப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே எவ்வளவு வாரினாலும் பயன் இல்லை, அந்தத் திட்டைத் தோண்டிக் கழிவை அள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது சோதனைக்கு இரு முனையும் வெட்டிய பால்பவுடர் டின் ஒன்று. அதை மெத்தைக்குள் ஓர் அங்குலம் அழுத்தி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்திலேயே மெத்தையைக் கத்தியால் அகற்றிய வெறும் மண்ணிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். வெறும் மண் குடித்து, மெத்தை குடிக்காமல் இருந்தால் குற்றவாளி மெத்தை. இரண்டும் குடிக்காவிட்டால் மண் இறுக்கம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஒருமுறை காய்ந்துவிட்ட மெத்தை தண்ணீரை ஏற்காது, முத்து முத்தாக உருட்டிவிடும். அவசரத்துக்கு ஒரு வழி: பத்து நிமிடம் தெளித்து, அரை மணி நேரம் விட்டு, மறுபடி பத்து நிமிடம். மூன்று சுற்றில் ஊறிவிடும். இது புல்லை அன்றைக்குக் காப்பாற்றும், மெத்தையைக் குறைக்காது.

இங்கே ஊருக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயைப் புல்லுக்குத் திருப்பிவிட்ட வீடுகள் பல. தண்ணீர் வீணாகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இன்னும் செறிந்து வருவது அது. புல் நுனி மட்டும் பழுத்து, மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்தக் குழாயை முதலில் எடுங்கள். சிறுவாணித் தண்ணீரைப் புல்லுக்கு விட யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். மழைநீர் தாராளமாகப் பாய்ந்தாலே உப்பு கீழே இறங்கும்.

அறிகுறி 3: வெட்டிய மறுநாள் தரை பழுப்பாகிவிடுகிறது

*பிளேடு மழுங்கலா?* ஒரு புல் இதழைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். கத்தரித்ததுபோல் நேராக இருக்க வேண்டும். பிய்ந்து நூல் நூலாக வெளுத்திருந்தால் சாணை பிடிக்கும் செலவோடு முடிந்தது.

*வெட்டு மிகத் தாழ்வா?* இயந்திரத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து, பிளேடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளங்கள். கொரியன், பெர்முடா (அருகம்புல் இனம்) வகைகளுக்கு ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கலாம். நர்சரியில் பஃபல்லோ என்று விற்கும் அகல இலைப் புல்லுக்கு இரண்டரை அங்குலமாவது வேண்டும்.

*உயரம் சரியாக இருந்தும் கருகுகிறதா?* சக்கரம் மெத்தையில் புதைகிறது. நீங்கள் ஓர் அங்குலத்தில் வைத்த பிளேடு உண்மையில் அரை அங்குலத்தில் ஓடி, பச்சையை முழுவதும் சீவிவிட்டுப் பழுப்பை வெளியே காட்டுகிறது. மேடு தட்டிய இடங்களில் மட்டும் வழுக்கை விழுவது இதற்கு அடையாளம். மெத்தையை எடுக்கும்வரை வெட்டு உயரத்தைக் கூட்டி வையுங்கள்.

வெட்டிய புல் துணுக்கைத் தரையிலேயே விட்டதால்தான் மெத்தை வந்தது என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அது இல்லை. இலைத் துணுக்கு நீரும் மென்மையுமானது, சீக்கிரம் மக்கிவிடும். சேர்ந்துகொண்டே போவது தண்டும் ஓடுகொடியும் வேரும், அதாவது எளிதில் மக்காத நார்ப் பாகம். துணுக்கைப் பையில் பிடித்து வெளியே கொட்டுவதால் மெத்தை குறையாது, உரம்தான் வீணாகும்.

அறிகுறி 4: பிடித்து இழுத்தால் பாய்போல் சுருண்டு வருகிறது

*புல் விரித்து இரண்டு மாதம் ஆகவில்லையா?* இன்னும் வேர் பிடிக்கவில்லை. மிதிக்காமல், மண்ணோடு அழுந்தியிருக்கும்படி விடுங்கள். பிளாஸ்டிக் வலையோடு வந்த கார்பெட் புல்லாக இருந்தால் வலையை உரிக்காமல் விரித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

*பழைய புல்லா?* சுருட்டிய இடத்தின் அடியைப் பாருங்கள். ஆங்கில எழுத்து சி வடிவில் வளைந்த, பழுப்புத் தலையுள்ள தடித்த வெள்ளைப் புழுக்கள் கிடந்தால் அவை வண்டுகளின் வேர்ப்புழுக்கள். கோடை மழையோடு வண்டு வெளிவந்து முட்டையிடும், மழைக்காலத்தில் புழு வேரைத் தின்னும். ஒரு சதுர அடிக்கு ஒன்றிரண்டு இருந்தால் மைனாவும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் அது மெத்தைப் பிரச்சினை இல்லை. புழுவை ஒழித்து, புது வேர் பிடிக்கும்வரை வாரியைத் தொடாதீர்கள், பாதி வேரறுந்த புல்லை வாரி முழுவதும் பிடுங்கிவிடும்.

*புழுவும் இல்லை, அடியில் மண் ஒட்டாமல் நார் மட்டும் வருகிறதா?* மெத்தைக்குள்ளேயே வேர்விட்ட புல் இது. வாருவதற்கு இதுவே மிகவும் ஆபத்தான நிலை. இங்கே வாரிக்கு முன் கார்டன் ஃபோர்க். நான்கு பல்லையும் மூன்று நான்கு அங்குலம் இறக்கி, லேசாக ஆட்டி எடுங்கள். அரை அடிக்கு ஒரு குத்து. அந்த ஓட்டைகளில் சலித்த மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்து தூவித் துடைப்பத்தால் தள்ளுங்கள். ஒரு பருவம் காத்திருந்தால் வேர் மண்ணைத் தேடி இறங்கும், அதன்பிறகு வாரலாம்.

அறிகுறி 5: திட்டுத் திட்டாக மஞ்சள்

நடுவில் கருகி ஓரம் மட்டும் கரும்பச்சையாக இருந்தால் நாயின் சிறுநீர். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், வேறு வைத்தியம் இல்லை.

அதிகாலையில் பனித்துளியோடு சிலந்தி வலைபோல் வெண்ணிழை படர்ந்திருந்து வெயில் ஏறியதும் மறைந்தால் பூஞ்சை. மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றுங்கள். பூஞ்சை ஓய்ந்தபிறகே வாருங்கள், இல்லையென்றால் நோயை நீங்களே தரை முழுக்க இழுத்துப் பரப்புவீர்கள்.

மைனாக்கள் கூட்டமாக இறங்கிக் கொத்திக்கொண்டே இருந்தால் புழு. நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, ஒரு சதுர கெஜத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். இலை தின்னும் புழுக்கள் மேலே வந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழு இந்தச் சோதனைக்கு வராது, அதற்குத் தோண்டத்தான் வேண்டும்.

மெத்தையின்மேல் மண்பூச்சு ஓடியிருந்தால் கரையான். அது தேடி வருவது காய்ந்த சருகை. மெத்தையை எடுத்து ஈரம் காத்தாலே அதற்கு இங்கே வேலை குறைந்துவிடும். ஆனால் பூச்சு வீட்டுச் சுவர் வரை போயிருந்தால் புல்லை மறந்துவிட்டுக் கரையான் ஒழிப்பவரை அழையுங்கள்.

கைவேலை: எப்போது, எதைக்கொண்டு, எப்படி

காலம்தான் பாதி வேலை. புல் வேகமாக வளரும் காலத்தில் வாரினால் மூன்று நான்கு வாரத்தில் மூடிக்கொள்ளும். தண்ணீர் வசதி இருந்தால் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். இல்லையென்றால் ஜூன் பாதிக்குமேல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் வந்தபிறகு. ஏப்ரல், மே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதும் வேண்டாம், மண் குழைந்து வாரியோடு வேரும் வரும்.

மே மாதத்தை நான் சும்மா சொல்லவில்லை. வாரி வாங்கிய முதல் ஆண்டு, உற்சாகம் தாங்காமல் அத்தை வீட்டுப் புல்லை மே மாதம் இரண்டாம் வாரத்தில் வாரினேன். அது அகல இலைப் புல். கொரியனுக்கும் பெர்முடாவுக்கும் மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடும், மேலே எல்லாம் போனாலும் கீழிருந்து முளைக்கும். பஃபல்லோவுக்கு மேலே ஓடும் கொடி மட்டும்தான். அந்தக் கொடிகளை நான் கத்தை கத்தையாக இழுத்துக் குவித்தபோது, நன்றாக வேலை நடக்கிறது என்று நினைத்தேன். அத்தை காபியோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, "சீவிவிடச் சொன்னால் மொட்டையடித்துவிட்டாயே" என்றார். முடி முளைக்கத் தீபாவளி ஆனது. அகலப் புல்லில் இப்போதெல்லாம் கைக்கொத்தியால் இடம்விட்டு இடம் மட்டும்தான் கோதுகிறேன். மீதிக்கு மேலே மண் தூவுவதுதான் மருந்து.

கருவியைப் பற்றி. இலை கூட்டும் விசிறி வாரியும் மூங்கில் வாரியும் மெத்தையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வேண்டியது பல் வளையாத, கனமான இரும்பு வாரி. ரேக் என்று கேட்டால் வேளாண் கருவிக் கடையில் கிடைக்கும். பற்களுக்கு இடையே விரல் புகும் அளவு இடைவெளி போதும். சுவர் ஓரத்துக்கும் மரத்தடிக்கும் மூன்று பல் கைக்கொத்தி. கையுறை இல்லாமல் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளிக்கும்.

முந்தைய வாரம் இரண்டு தவணையாக வெட்டிப் புல்லை வழக்கமான உயரத்தைவிடச் சற்றுத் தாழ்த்துங்கள். இரண்டு நாள் முன்னதாக ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். வாரும் நாளில் மண் ஈரமாக இருக்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. தோட்ட விளக்குக்குப் போகும் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று கட்டாயம் பாருங்கள். பல வீடுகளில் அதைப் புல்லுக்கு அடியில் வெறுமனே போட்டிருக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. தெளிப்பான் தலைகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள்.

இரண்டடி அகலப் பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து, ஒன்றரை அடி நீளத்துக்குக் குட்டை இழுப்பாக உங்களை நோக்கி இழுங்கள். தோளால் இழுக்காமல் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தால் முதுகு தப்பிக்கும். நான்கைந்து இழுப்பில் பழுப்பு நார் சுருள் சுருளாக எழும்பிவரும். இங்கே கண்ணைவிடக் காது உதவும். மெத்தைக்குள் ஓடும்போது வாரி ஏறக்குறையச் சத்தமே போடாது, பழைய கோணியைக் கிழிப்பதுபோல் ஒரு மந்தமான ஒலி மட்டும் வரும். பல் மண்ணைத் தொட்டதும் ஒலி கரகரவென்று மாறும். அங்கே நிறுத்துங்கள். அடுத்த பட்டைக்குப் போய்விடுங்கள்.

ஒரு திசை முடிந்ததும் குறுக்கே இன்னொரு முறை, இப்போது பாதி அழுத்தத்தில். மறுபடி ஆப்பு வெட்டிப் பாருங்கள். ஓர் அங்குலமாக இருந்தது அரை அங்குலமாகியிருந்தால் இன்றைய வேலை முடிந்தது. முழுவதும் எடுத்துவிட ஆசை வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. எடுத்தால் உயிருள்ள கொடியும் சேர்ந்து போகும். முடித்தபிறகு தரை அலங்கோலமாகத்தான் இருக்கும். பழுப்பும் பச்சையும் கலந்து, கோழி கிளறியதுபோல. பச்சை பாதிக்குமேல் தெரிந்தால் கவலை வேண்டாம்.

ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடி, ஒரு ஆளுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. வீட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து மூன்று சென்ட் இருந்தால் மூன்று வாரக் கடைசிகளாகப் பிரியுங்கள்.

அன்றைக்கே நாரை அள்ளிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். மறுநாள், சலித்த செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் சரிபாதி கலந்து கால் அங்குலம் தூவுங்கள். சென்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது கன அடி ஆகும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். களிமண் தரையின்மேல் வெறும் மணலைக் கொட்டாதீர்கள், அடுக்கடுக்காக நின்று தண்ணீரை மறுபடி தடுக்கும். இந்த மண்தூவல்தான் மிச்ச மெத்தைக்கான மருந்து. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர் நாரைத் தொட்டால்தான் அது மக்கும். இதைச் செய்யாமல் பஞ்சகவ்யமும் கரைசல்களும் மட்டும் தெளித்த வீடுகளில் மெத்தை இறங்கியதை என் ஸ்கேல் இதுவரை காட்டவில்லை. சுண்ணாம்பு தூவச் சொல்லும் ஆலோசனையும் உலவுகிறது. அது அமில மண்ணுக்குச் சரி. கோவைப் பக்கம் பல இடங்களில் மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, சோதிக்காமல் தூவுவது வீண் வேலை.

ஒரு வாரம் கழித்துப் புதுத்துளிர் தெரிந்ததும் சென்ட்டுக்கு 200 கிராம் யூரியா, உடனே தண்ணீர். நல்ல வளர்ச்சிக் காலத்திலும் ஒரு தடவைக்கு 400 கிராமைத் தாண்ட வேண்டாம். மூன்று வாரம் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் கடினமான கட்டம்.

வாரிய பிறகு வரும் குறைகள்

*பத்து நாளாகியும் வெறும் பழுப்பு:* ஒரு கொடியை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெண்பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். வைக்கோல்போல் முறிந்தால் அந்த இடம் போய்விட்டது, நல்ல பகுதியிலிருந்து கைப்பிடி அளவு புல்லை வேரோடு எடுத்து அரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள்.

*கோரை முளைக்கிறது:* வெளிச்சம் பட்டதும் முதலில் வருவது அதுதான். இழுத்தால் தலை மட்டும் வரும், கிழங்கு கீழேயே இருக்கும். ஈர மண்ணில் கத்தியை நிமிர்த்தி இறக்கிக் கிழங்கோடு எடுக்க வேண்டும்.

*ஓர் ஆண்டுக்குள் மெத்தை திரும்பிவிட்டது:* தண்ணீரையும் உரத்தையும் பாருங்கள். நல்ல வெயிலிலும் வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக விட்டால் போதும். ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் சென்ட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். தினமும் குழாயை வைத்துக்கொண்டு நின்று தெளிப்பது நிற்பவருக்கு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஐந்து சென்ட்டுக்கு மேல் இருந்து மெத்தையும் ஓர் அங்குலத்தைத் தாண்டியிருந்தால், செங்குத்தான கத்திகள் சுழலும் இயந்திரம் வைத்திருக்கும் புல்தரைப் பராமரிப்பாளரை அழையுங்கள். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் புல் எந்த வகை என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டு முறை சரியாக வாரி, தண்ணீரும் திருத்தி, அப்படியும் புல் தேறவில்லை என்றால் அடுத்த செலவு மண், நீர்ப் பரிசோதனை. மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ, கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ கொடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள். வேர்ப்புழு மருந்தும் அங்கே கேட்டபிறகே. கடைக்காரர் சொன்ன பூச்சிமருந்தைக் கண்டபடி ஊற்றினால் மண்புழுவும் சாகும், மெத்தையை இலவசமாகத் தின்றுகொண்டிருந்த கூலியாள் அது.

இரண்டு அங்குல மெத்தை, அல்லது அடியில் கட்டடக் கழிவு என்றால் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவதே கடைசியில் மலிவு. அப்போது கழிவை அள்ளி, அரை அடி நல்ல மண் நிரப்பியதைக் கண்ணால் பார்த்தபிறகு புல்லை விரிக்கச் சொல்லுங்கள்.

வாரிய நாரை என்ன செய்வது என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். ஒரு சென்ட்டில் சாக்கு சாக்காக வரும். தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போடலாம், ஆனால் அன்றே போடாதீர்கள். பெர்முடா என்பது நம் அருகம்புல் இனம்தான், ஒரு கணு ஈரத்தில் பட்டால் தென்னைக்கடியிலும் வேர்விட்டுவிடும். சிமெண்டுத் தரையில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காய்ச்சுங்கள், கையில் பிசைந்தால் நொறுங்க வேண்டும். கோரைக் கிழங்கு கலந்த குவியலைப் பாத்தியில் போடவே வேண்டாம், அதைத் தனியாக அள்ளி அப்புறப்படுத்துங்கள்.